பங்கீடு வேறு, நீதி வேறு

2020 ஜனவரி 21 அன்று லெபனானில் ஹஸ்ஸான் தியாப் தலைமையில் 20 பேர் கொண்ட அமைச்சரவை அமைந்தது. நிபுணர்களின் அரசு என்று அது அறிமுகமானாலும், அமைச்சர்களின் தெரிவில் கட்சிகளின் கையே ஓங்கியிருந்தது. ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூத் துறைமுகம் வெடித்து 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆறே நாட்களில் அவ்வரசு பதவி விலகியது.

குடியரசுத் தலைவர் மாரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சுன்னி முஸ்லிம், நாடாளுமன்றத் தலைவர் ஷியா முஸ்லிம் என்பது 1943ஆம் ஆண்டு முதல் அங்கு நிலவும் எழுதப்படாத உடன்படிக்கை. உள்நாட்டுப் போரை முடிக்க 1989இல் எழுந்த தாயிஃப் ஒப்பந்தம், நாடாளுமன்ற இடங்களை இரு சமயத்தாருக்கும் சரிபாதியாக்கியது. பிரிவுவாரி அரசியலைப் படிப்படியாக ஒழிப்பதாகவும் அது வாக்களித்தது. அவ்வாக்கு இன்றும் ஏட்டளவிலேயே உள்ளது.

இந்தப் பங்கீட்டின் பின்னிருந்த அச்சத்தை நாம் இகழவில்லை. அங்கீகரிக்கப்பட்ட 18 பிரிவுகளுள் எதற்கும் தனிப்பெரும்பான்மை இல்லாத நாட்டில், ஒவ்வொரு பிரிவும் பாதுகாப்பை நாடுவது இயல்பே. ஆயினும், மக்களுக்கென ஏற்பட்ட பாதுகாப்பு யாருக்குக் கேடயமாயிற்று என்பதே நம் கேள்வி.

துறைமுகக் கிடங்கில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கிடந்தது. இடையில் பல அரசுகள் வந்து போயின. 2020 டிசம்பரில் விசாரணை நீதிபதி ஃபாதி ஸவ்வான், தியாப் மீதும் முன்னாள் அமைச்சர்கள் மூவர் மீதும் கடமை தவறியதாகக் குற்றம் சாட்டினார். அவர் பிரதமரானபோது ஆதரவளிக்க மறுத்த ஸஅத் ஹரீரி, இப்போது அவருக்குத் துணையாக நின்றார். பிரதமர் பதவியே குறிவைக்கப்படுகிறது என்ற குரல் எழுந்தது. ஷியா கட்சிகளும் எதிர்த்தன. 2021 பிப்ரவரியில் நீதிபதி அவ்வழக்கிலிருந்து அகற்றப்பட்டார். இறந்தோரின் குடும்பங்களோ, எல்லாப் பிரிவுகளையும் சேர்ந்தவர்களாய், நீதி கேட்டு வீதியில் நின்றன.

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கவும், மக்களிடையே நீதியுடன் தீர்ப்பளிக்கவும் திருக்குர்ஆன் (4:58) நம்மைப் பணிக்கிறது. பதவியும் அமானிதமே. அது ஒரு கூட்டத்தாரின் சொத்தன்று. நம்மவர் என்பதற்காகத் தவறுக்கும் துணை நிற்பதே அஸபிய்யா. சமூகத்திற்குப் பிரதிநிதித்துவம் தேவைதான். ஆனால், ஆசனத்தில் நம்மவர் அமர்ந்துவிட்டார் என்று மகிழ்வதோடு நம் கடமை முடிவதில்லை. அவரிடம் முதலில் கணக்குக் கேட்க வேண்டியவர்களும் நாமே.

நமக்கு எதிராகவேனும் நீதியின் பக்கம் நிற்கும் உறுதியை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.