வீராங்கனைகளும் அழலாம்

கார்ட்டூன் படம் பார்த்தவாறே ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தைகள் இன்று பலர். வலியிலிருந்து கவனத்தைத் திருப்ப இது நல்ல வழியே. அத்தகைய படங்களுள் ஒன்று, 2016ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'டிசி சூப்பர் ஹீரோ கேர்ள்ஸ்: ஹீரோ ஆஃப் தி இயர்'. வொண்டர் வுமன், சூப்பர்கேர்ள், பேட்கேர்ள், பம்பிள்பீ முதலிய பதின்வயதுப் பெண்கள் 'சூப்பர் ஹீரோ ஹை' என்னும் பள்ளியில் ஒன்றாகப் பயிலும் கதை இது.

இத்தகைய படத்தைக் காட்டிவிட்டு, "நீயும் சூப்பர்கேர்ள்தானே, அழக்கூடாது" என்று பெற்றோர் கூறுவதுண்டு. அன்பினால் எழும் சொல்லே அது. ஆயினும் குழந்தையின்மேல் அது ஒரு சுமையை ஏற்றிவிடுகிறது. வலிக்கும்போது அழுகை வருவது இயல்பு. அழுதுவிட்ட குழந்தை, தான் தோற்றுவிட்டதாக எண்ணக்கூடும். அடுத்த முறை வலியை மறைக்கவும் முயலக்கூடும். எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது என்று குழந்தை சொன்னால்தான் எங்களால் உரிய மருத்துவம் செய்ய இயலும்.

அந்நாயகியர் எவரும் குறையற்றவர் அல்லர். சூப்பர்கேர்ள் தான் பிறந்த கிரிப்டான் கோளை இழந்து வந்தவள். கிரிப்டோனைட் கல்லின் அருகே வலுவிழப்பவள். பேட்கேர்ளுக்குப் பிறவி ஆற்றல் எதுவும் இல்லை. அறிவும் கருவிகளுமே துணை. பம்பிள்பீயோ தன் உருவைச் சிறிதாக்கிக்கொண்டு போரிடுபவள். ஆற்றல் மிக்கோருக்கும் பள்ளியும் ஆசிரியரும் தோழியரும் வேண்டும் என்பதே அக்கதையின் அடித்தளம். குழந்தையிடம் எடுத்துச் சொல்லவேண்டிய பகுதி இதுவே என்பது எங்கள் கருத்து.

எனவே, ஊசிக்கு முன் "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லாதீர்கள். "சிறிது வலிக்கும், விரைவில் முடிந்துவிடும், நான் அருகிலேயே இருப்பேன்" என்று சொல்லுங்கள். எந்தக் கையில் போடலாம் என்பதை, இயன்றபோது, குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். படுக்கவைத்து அழுத்திப் பிடிப்பதைவிட, மடியில் அமர்த்தி அணைத்துக்கொள்வது நலம். அழுதால் அழட்டும். முடிந்தபின், "அழாமல் இருந்தாய்" என்பதைவிட, "கையை அசைக்காமல் வைத்திருந்தாய்" என்று பாராட்டுங்கள்.

பராமரிப்போருக்கும் இது பொருந்தும். இரவெல்லாம் விழித்திருக்கும் தாயின் மனத்திடத்தைப் புகழ்ந்துவிட்டு அகலும் உறவினர், அவர் ஒரு மணி நேரம் உறங்குவதற்காகக் குழந்தையின் அருகே அமர்ந்தால் அதுவே பேருதவி. உங்கள் களைப்பையும் அச்சத்தையும் எங்கள் செவிலியரிடம் தயங்காது கூறுங்கள். அவற்றைக் கேட்பதும் எங்கள் பணியே.