இருபத்து நாலு மணி நேரமும் ஓட வேண்டியதில்லை

எழுபத்திரண்டு வயதில் ஒருவன் இருபத்து நாலு மணி நேர ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கலாமா என்று கேட்டால், கொடுக்கலாம் என்பதுதான் என் கட்சி. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் வெளியூரில் ஒரு விளையாட்டு அரங்கத்தில் நடக்கப்போகும் ஓட்டத்துக்குப் பணமும் கட்டிவிட்டேன். ரசீது பீரோவில் இருக்கிறது. விஷயம் தெரிந்த நாள் முதல் உறவும் நட்பும் இரண்டு அணியாகப் பிரிந்து நிற்கின்றன. ஓர் அணி, "இந்த வயசுல எதுக்கு சார் இந்த வேலை, பேரப்பிள்ளைங்களோட நிம்மதியா இருங்க" என்கிறது. இன்னோர் அணி, "மனசு வச்சா முடியாதது ஒண்ணுமில்ல, அசத்துங்க" என்கிறது. இரண்டாவது அணியைக் கண்டால்தான் எனக்குப் பயம் அதிகம். இருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. ஆகவே ஒரே குறிப்பாக எழுதிவிடுகிறேன். கோப்பில் குறிப்பு எழுதியே தேய்ந்த கை.

முதலில் அது என்ன ஓட்டம் என்று சொல்லிவிட வேண்டும். 400 மீட்டர் வட்டப் பாதை. இன்று காலை மணி அடித்தால் நாளை அதே நேரத்துக்கு மறுபடி அடிப்பார்கள். அதற்குள் யார் எவ்வளவு தூரம் போகிறார்களோ அதுதான் கணக்கு. காலில் கட்டிய சிறு சில்லு ஒவ்வொரு சுற்றையும் எண்ணிக்கொள்ளும். ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பி ஒரு கால் மட்டும் நோகக்கூடாது என்பதற்காகச் சில மணிக்கு ஒரு தரம் திசையை மாற்றி விடுவார்கள். கடைசி மணி அடிக்கும்போது எங்கே நிற்கிறோமோ அங்கே ஓர் அடையாளம் வைத்து, அரைகுறைச் சுற்றையும் அளந்து சேர்ப்பார்கள். ஓடலாம், நடக்கலாம், நாற்காலியில் உட்காரலாம், ஓரமாகப் படுத்துத் தூங்கலாம். கடிகாரம் மட்டும் நிற்காது.

இதில் உச்சம் தொட்டவர்கள் வேறு பிறவிகள். கிரேக்கத்து யானிஸ் குரோஸ் 1997-இல் 303 கிலோமீட்டர் ஓடினார். அதை யாரும் தொடமுடியாது என்று இருபது வருஷத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார்கள். லிதுவேனியாவின் அலெக்சாந்தர் சொரோகின் 2021-இல் அதைத் தாண்டி, 2022-இல் இத்தாலியின் வெரோனாவில் 319 கிலோமீட்டரைக் கடந்தார். நம் நாட்டவரும் சோடை போகவில்லை. உல்லாஸ் நாராயணா 2018-இல் தைபேயில் 250 கிலோமீட்டர் ஓடி ஆசிய ஓஷியானியப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். 2022 ஜூலையில் அதே போட்டி பெங்களூர் கண்டீரவா அரங்கத்தில் நடந்தபோது அமர் சிங் தேவந்தா 257 கிலோமீட்டரைத் தாண்டினார். ஆண்கள் அணித் தங்கமும் இந்தியாவுக்கே வந்தது. இவற்றைப் பார்த்து நான் பெயர் கொடுக்கவில்லை. என் கணக்கு ரொம்பச் சின்னது. 80 கிலோமீட்டர், அதாவது 200 சுற்று. ஒரு சுற்றுக்கு ஆறு நிமிஷம். மணிக்குப் பத்துச் சுற்று. இருபது மணி நேரத்தில் முடிந்துவிடும். மீதி நாலு மணி நேரம் சாப்பாடு, காலைத் தடவிக்கொள்வது, கண்ணயர்வது, கழிப்பறை. ஆறு நிமிஷத்தில் 400 மீட்டர் என்பது காய்கறிப் பையோடு உழவர் சந்தையிலிருந்து வீட்டுக்கு வருகிற வேகம்தான். அந்த வேகத்தில் இருபது மணி நேரம் இருக்கவேண்டும், அவ்வளவே.

அதனால்தான் இது வயதானவர்களுக்கும் பொருந்துகிற பந்தயம் என்கிறேன். நூறு மீட்டர் ஓட்டத்தில் எழுபது வயதுக்காரனுக்கு வேலையே இல்லை. இங்கே பொறுமை, சோற்றுக் கணக்கு, ஒரே வேலையைச் சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்வது ஆகியவற்றுக்கு மதிப்பெண் உண்டு. ஒரே பதிவேட்டில் ஒரே மாதிரிக் கட்டங்களை வருஷக்கணக்கில் நிரப்பிய குமாஸ்தாவுக்கு 200 சுற்று என்ன பிரமாதம்?

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது எங்கள் முசியே ஒருவர் அலேன் மிமூனைப் பற்றிச் சொல்லுவார். அல்ஜீரியாவில் பிறந்து பிரான்சுக்காக ஓடியவர். மூன்று ஒலிம்பிக் வெள்ளி, மூன்றிலும் ஜாட்டோபெக்குக்குப் பின்னால். கடைசியில் 1956-இல் மெல்போர்னில், முப்பத்தைந்து வயதில், வாழ்க்கையின் முதல் மாரத்தானை ஓடித் தங்கம் வாங்கினார். முதல் தடவை என்பதற்கு வயது கிடையாது என்று அன்று முசியே சொன்னது மனதில் தங்கிவிட்டது. வினைச்சொல் விகுதிகளெல்லாம் மறந்துபோயின.

"அசத்துங்க" அணியினர் ஃபௌஜா சிங்கின் படத்தை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். மஞ்சள் தலைப்பாகையும் வெள்ளைத் தாடியுமாக மனிதர் பார்க்கவே அழகு. ஆனால் படத்தின் கீழே போடுகிற வாசகம் பாதிக் கதைதான். மனைவி போய், மகன் ஒருவன் கண்ணெதிரே விபத்தில் போய், பஞ்சாபில் இருக்கமுடியாமல் லண்டனில் இன்னொரு மகன் வீட்டுக்குப் போனவர் அவர். மொழி தெரியாத ஊர், செய்ய வேலையில்லை, துக்கம் மட்டும் உண்டு. அந்த நிலையில் ஓடத் தொடங்கி, 2000-இல் எண்பத்தொன்பது வயதில் லண்டன் மாரத்தான் ஓடினார். 2011-இல் நூறு வயதில் டொராண்டோவில். பயிற்சியாளர் ஒருவர் கூடவே இருந்தார். தாமாகக் கிளம்பி ஓடிவிடவில்லை. புது ஊரில் ஒருவர் காலூன்றிய கதை என்றே நான் அதைப் படிக்கிறேன். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதால் கின்னஸ்காரர்கள் அவர் சாதனையைப் பதியவில்லை. 1911-இல் அவர் பிறந்த பக்கம் பதிவு வழக்கம் இல்லையாம். பிரெஞ்சு எல்லைக்குள் பிறந்திருந்தால் எத்தா சிவில் பதிவேட்டில் பக்க எண்ணோடு எடுத்துக் கொடுத்திருப்போம்! குமாஸ்தா புத்தி போகாது.

நானும் இப்போது புது ஊர்க்காரன்தான். மகளுக்குக் கடலூரில் வேலை. மனைவிக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியவில்லை. ஆகவே புதுச்சேரி வீட்டை விட்டு மஞ்சக்குப்பத்தில் தரைத்தள வீடு பார்த்து வந்தோம். தூரம் இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், முள்ளோடை, அப்புறம் பெண்ணையாற்றுப் பாலம், ஊர் வந்துவிட்டது. இதற்குப் போய் என்ன பெரிய குடிபெயர்வு என்று கேட்பீர்கள். எழுபது வயதில் இருபது கிலோமீட்டரும் இருநூறும் ஒன்றுதான். மருந்துக் கடைக்காரர் நம் பெயரைச் சொல்லமாட்டார். தெருவில் நின்று பேச ஆள் கிடையாது. பாரதியார் 1918-இல் புதுவையை விட்டுக் கிளம்பியபோது இங்கே பிடித்துச் சிறையில் வைத்தார்கள். நான் பீரோ கட்டில் சகிதம் லாரியில் வந்திறங்கினேன். ஒருவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

முதல் மூன்று மாதம் ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். ஒவ்வொரு நவம்பரிலும் நான் உயிரோடிருக்கிறேன் என்று அரசாங்கத்துக்கு வாழ்வுச் சான்று கொடுக்கிறேனே, அதைத் தவிர வேறு ஆதாரம் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. பிறகுதான் இந்த ஓட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பயிற்சி தொடங்கியது. பயிற்சி என்றால் வாரத்தில் நாலு நாள் ஒரு மணி நேர நடை, சனிக்கிழமை நாலைந்து மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை அந்தக் களைத்த காலோடு மறுபடி இரண்டு மணி நேரம். மாதம் ஒரு முறை நடுநிசி நடை. இரவு இரண்டிலிருந்து நாலு வரை உடம்பு அடங்கிக் கிடக்கும் நேரம். பந்தயத்தில் பலர் விழுவது அப்போதுதான். அந்த நேரத்தோடு முன்கூட்டியே பழகிக்கொள்ள வேண்டும்.

அந்த நடுநிசி நடைதான் எனக்கு ஊரைக் கொடுத்தது. தேவனாம்பட்டினத்தில் மூன்று மணிக்கே வலை ஏற்றிக்கொண்டிருப்பார்கள். "என்ன பெரியவரே, தூக்கம் வரலியா?" என்று முதலில் கேட்டவர் இப்போது, "இன்னிக்கு எத்தன மணி நேரம்?" என்று கேட்கிறார். பஸ் நிலையத்து டீக்கடையில் நான் 'பாண்டி சார்'. சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து வருகிற பையன் ஒருவன் கொஞ்ச தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூட நடப்பான். கெடிலக் கரையில் மிச்சமிருக்கும் புனித டேவிட் கோட்டைப் பக்கம் போகும்போது ஒரு சிரிப்பு வரும். 1758-இல் லாலி இந்தக் கோட்டையைப் பிடித்து இடித்தான் என்று வகுப்பில் பெருமையாகப் படித்தோம். 1761-இல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியை இடித்துக் கணக்கைத் தீர்த்தார்கள். இரண்டு ஊர் இடிபாட்டுக்கும் இப்போது நான் ஒருவனே பாத்தியதைக்காரன் மாதிரி நடந்துகொண்டிருக்கிறேன். மாதம் ஒரு தடவை திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறிச் சிதம்பரம் போய், நாலு தேர் வீதியையும் விடியுமுன் சுற்றுவேன். வட்டமாகச் சுற்றுவதற்குப் பழக வேண்டுமென்றால் அதைவிட நல்ல இடம் ஏது?

வீட்டம்மாவின் நிபந்தனைகள் தனி. "என்னங்க, டாக்டர் எழுதிக் கொடுத்தா போங்க, இல்லன்னா ரசீதக் கிழிச்சிப் போடுங்க" என்றாள். நியாயம். இதய நிபுணரைப் பார்த்து, ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் எல்லாம் ஆயிற்று. ரத்த அழுத்த மாத்திரையைப் பந்தய நாளில் எப்படிச் சாப்பிடுவது என்று எழுதி வாங்கியிருக்கிறேன். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்; உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். தண்ணீரையும் அளவில்லாமல் குடிக்கக்கூடாது. இது பலருக்குத் தெரியாது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களின் ரத்தத்தைச் சோதித்ததில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு உப்புச் சத்து இயல்புக்குக் கீழே இறங்கியிருந்தது. சிலருக்கு ஆபத்தான அளவுக்கே போயிருந்தது. குடித்துக் குடித்து எடை கூடிப்போனவர்களே அதில் அதிகம் மாட்டினார்கள். நம் கடற்கரை ஊரில் வியர்வை காயவே காயாது. வழிந்துகொண்டே இருக்கும், உடம்பு குளிராது. ஆகவே தாகத்துக்கு மட்டும் தண்ணீர், மணிக்கு ஒரு தரம் உப்புப் போட்ட மோர் அல்லது கஞ்சி, அவித்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம். விலை உயர்ந்த பசை உறைகளை மகள் வாங்கி வந்தாள். ஒன்றைச் சாப்பிட்டுப் பார்த்தேன். பேரனுக்கே கொடுத்துவிட்டேன். நடந்தால் பாதம் வீங்கும் என்பதால் காலணி ஓர் அளவு பெரிது, விரலிடுக்கில் வாசலின்.

"எதுவும் முடியும்" என்பவர்களிடம் எனக்கு உள்ள சண்டை இதுதான். எதுவும் முடியாது. நெஞ்சு அடைத்தால் முடியாது, தலை சுற்றினால் முடியாது. அப்போது நாற்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும். மூன்று மாதப் பயிற்சிகூட இல்லாமல் வீராப்பாகப் போய் நிற்கிறவர்களை நான் மெச்சமாட்டேன்.

"இந்த வயசுல எதுக்கு" அணிக்கும் ஒரு கேள்வி. ஒவ்வொரு ஆகஸ்ட் கடைசியிலும் வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்திய கூட்டம் இதே கடலூர், சிதம்பரம் சாலை வழியாக நாள்கணக்கில் நடந்து போகிறது. என்னைவிட மூத்த பாட்டிகள், பாதிப்பேர் செருப்பில்லாமல். தைப்பூசத்துக்கு வடலூருக்கு நடக்கிறவர்களும் அப்படியே. அவர்களை யாராவது மறித்து, "எதுக்குப் பாட்டி" என்று கேட்கிறோமா? மோர் கொடுத்து வழியனுப்புகிறோம். வேண்டுதல் இருந்தால் நடக்கலாம், இல்லாவிட்டால் ஈசிசேர்தானா?

என் உண்மையான பயம் பந்தயம் அல்ல, சாலை. ஃபௌஜா சிங் 114 வயதில், 2025 ஜூலையில் போனார். ஓடிக் களைத்துப் போகவில்லை. சொந்த ஊர் நெடுஞ்சாலையைக் கடக்கையில் வண்டி மோதிப் போனார். நம் சாலைகளை அகலப்படுத்தும்போது லாரிக்கும் காருக்கும் இடம் கணக்கிடுகிறோம். நடக்கிறவனுக்கு வெள்ளைக் கோட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு முழம். அதிலும் தள்ளுவண்டி, மணல், நாய். என் இரவு நடையில் இரண்டு முறை கழியை ஓங்கியிருக்கிறேன், ஒரு முறை பள்ளத்தில் குதித்திருக்கிறேன். முதியவர்களை நடங்கள் நடங்கள் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். எங்கே என்று யாரும் சொல்வதில்லை. ஊருக்கு ஒரு மைதானமாவது இரவு முழுக்கத் திறந்து, நாலு விளக்கு எரிந்தால் போதும். மனு எழுதியிருக்கிறேன். மனு எப்படி எழுதினால் மேலே நகரும் என்பது எனக்குத் தெரியும். இணைப்பாகத் தெருக்காரர்கள் நாற்பது பேர் கையெழுத்து வைத்திருக்கிறேன். ஒரு வருஷத்துக்கு முன் இந்த ஊரில் எனக்கு ஒரு கையெழுத்துகூடக் கிடைத்திருக்காது.

ஓட்டத்துக்கு இன்னும் பதினோரு வாரம் இருக்கிறது. மேசையில் உட்கார்ந்து எனக்குக் கஞ்சி ஊற்றித் தர ஓர் ஆள் வேண்டும். சைக்கிள் பையன் லீவு போட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். வீட்டம்மாவும் வருகிறாளாம், ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் கண் விழிக்கமாட்டாளாம், தலையணை கொண்டு வருவாளாம்.