உடன் பணிபுரிபவரை மணத்தல் குற்றமா?

அருப்புக்கோட்டையின் நெசவாளர் தெருக்களில் கணவன் தறியில் அமர, மனைவி தார் சுற்றிக் கொடுப்பது நாம் நாளும் காணும் காட்சி. திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் சீமைக் கருவேலை வெட்டுவதும் மூட்டம் போட்டுக் கரி எடுப்பதும்கூட இருவர் கூடிச் செய்யும் தொழில்களே. இல்லறத்தால் தொழில் கெட்டதென்று இந்த வானம் பார்த்த பூமியில் எவரும் சொல்லக் கேட்டிலோம். ஆயின் இம்மண்ணின் பிள்ளைகள் பட்டம் பெற்று அலுவலகம் புகுங்கால், உடன் பணிபுரிபவரை மணந்தால் இருவருள் ஒருவர் விலக வேண்டும் என்னும் விதியைச் சில நிறுவனங்களில் எதிர்கொள்கின்றனர். அவ்விதி முறையன்று என்பதே எம் கருத்து.

நிருவாகத்தார் கூறும் காரணத்தை அறவே தள்ளிவிடவும் இயலாது. கணவர் மேலாளராகவும் மனைவி அவர்கீழ்ப் பணியாளராகவும் இருப்பின் நடுநிலை பிறழலாம். ரொக்கம் ஒருவர் கையிலும் கணக்கு மற்றவர் கையிலும் இருப்பின் ஐயம் எழலாம். அதற்குப் பிரிவை மாற்றலாம். கையொப்பமிடும் பொறுப்பை வேறொருவரிடம் தரலாம். வேலையையே பறிப்பானேன்? 'ஒருவர்' என்று விதி பொதுப்படச் சொன்னாலும், ஊதியம் குறைந்தவரே விலகுவார். அவர் பெரும்பாலும் பெண்ணாகவே இருப்பார்.

இராணுவச் செவிலியர் பணியிலிருந்த பெண் அதிகாரி ஒருவர், தரைப்படை அதிகாரி ஒருவரை மணந்தார். திருமணமானால் பணி முடியும் என்ற 1977ஆம் ஆண்டு ஆணையின்படி 1988இல் அவர் விடுவிக்கப்பட்டார். அவரை மணந்த ஆடவருக்கு அத்தகைய விதியேதும் இல்லை! 1995இல் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டும் அவருக்குப் பயன் விளையவில்லை. 2016இல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் மீண்டும் பணியளிக்கச் சொன்னது. அரசு மேல்முறையீடு செய்தது. 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அவ்விதியைத் தன்னிச்சையானது, பாலினப் பாகுபாடு என்று கடிந்து, 60 இலட்ச ரூபாய் இழப்பீடு வழங்கச் செய்தது. பணி திரும்பக் கிட்டவில்லை.

நீதிமன்றங்களும் எக்காலும் ஒரே குரலில் பேசியதில்லை. 1981இல் ஏர் இந்தியா வழக்கில், விமானப் பணிப்பெண் கருவுற்றால் வேலை போகும் என்ற விதியை நீக்கிய அதே உச்சநீதிமன்றம், பணியேற்ற நான்கு ஆண்டுகளுக்குள் மணக்கலாகாது என்பதை ஏற்றுக்கொண்டது. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு அது துணை செய்யுமாம்! வேலை தருபவர் நாட்டின் மக்கள்தொகையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்றே எண்ணுகின்றோம்.

அதற்கும் முன்னர், 1965இல், பம்பாய் மருந்து நிறுவனம் ஒன்றில் ஒரு பிரிவுப் பெண்கள் மணந்தவுடன் வேலையிழப்பர் என்ற விதி உச்சநீதிமன்றம் வரை சென்றது. குழுவாகச் செய்யும் வேலை, மணமானோர் அடிக்கடி விடுப்பெடுப்பர் என வாதிட்டது நிறுவனம். மகப்பேற்று விடுப்பைத் தவிர, மணமானவர் மற்றவரைவிட மிகுதியாக வராதிருப்பர் என்பதற்குச் சான்றில்லை என்று கூறி நீதிமன்றம் விதியை அகற்றியது. அது தனியார் நிறுவனம் என்பதைத் தனியார் பணிக்குச் செல்லும் நம் மாணவ மாணவியர் குறித்துக்கொள்க. வழக்கை நடத்தியது தனியொரு பெண்ணன்று, பம்பாய்த் தொழிற்சங்கம் ஒன்று. தனித்து நின்ற செவிலியருக்கோ விடை கிடைக்க முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயின.