பேச மட்டும் ஒரு ரீசார்ஜ்



கைப்பேசிக் கட்டணம் என்றாலே பேச்செல்லாம் 5ஜி, ஓடிடி என்றுதான் ஓடுகிறது. பட்டன் போன் வைத்திருப்பவர்களைப் பற்றியும் எழுதுங்கள்.

பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான தனித் திட்டத்தை எல்லா நிறுவனங்களும் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்தது. சிறப்பு ரீசார்ஜ் வவுச்சர்கள் செல்லுபடியாகும் உச்சக் காலத்தையும் 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்த்தியது. நல்ல காரியம். ஆனால் விலையை நிறுவனங்களின் கையிலேயே விட்டுவிட்டது. நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு கட்டணத்தைக் குறைத்த காலத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். இன்று தனியாரில் மிஞ்சியவை மூன்றே. 2024 ஜூலையில் மூன்றும் அடுத்தடுத்துக் கட்டணத்தை ஏற்றியதைப் பார்த்தோமே!

எங்கள் தெருவில் ஒரு பாட்டி, 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையில் காலம் தள்ளுகிறார். பேசுவதற்கு மட்டும் என்றாலும் 84 நாளுக்கு 400 ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள். ரீசார்ஜ் தீர்ந்தால் சில நாளில் இன்கமிங்கும் நின்றுவிடுகிறது. போன மாதம் சிலிண்டர் கொண்டுவந்தவர் போனுக்கு எஸ்எம்எஸ்ஸில் வரும் சரிபார்ப்பு எண்ணைக் கேட்டார். ரீசார்ஜ் தீர்ந்திருந்ததால் எந்த எஸ்எம்எஸ்ஸும் வரவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர்தான் பேசிச் சமாளித்தார்.

ரேஷன், வங்கி, கேஸ் எல்லாவற்றையும் போனோடு கட்டிவிட்ட பிறகு, பேச்சுத் திட்டத்துக்கு உச்ச விலையை டிராய் நிர்ணயிப்பதே நியாயம். ரீசார்ஜ் தீர்ந்தாலும் ஓராண்டு வரை இன்கமிங் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் நிற்கக் கூடாது என்றும் உத்தரவிட வேண்டும்.

– ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்