பிறந்த குழந்தைக்கு நம் கையால் ஒரு சட்டை

நம் குடும்பங்களில் குழந்தை பிறந்த செய்தி வந்ததும் உறவினர் அனைவரும் துணிக்கடைக்கு விரைகின்றோம். சரிகையும் ஜிகினாவும் வைத்துத் தைத்த உடுப்புகள் அகீகா நாளன்று பெட்டி பெட்டியாகக் குவிகின்றன. அவற்றுள் பல, குழந்தையின் மேனியில் ஒருமுறைக்கு மேல் ஏறுவதில்லை. பிறந்தபோது இருந்த எடை ஏறத்தாழ ஐந்தாம் மாதத்தில் இரட்டிப்பாகிவிடுகிறது. உடுப்போ பெட்டியிலேயே கிடக்கிறது. இதனினும் வருந்தத்தக்கது வேறொன்று. வசதி குறைந்த உறவினர் சிலர், அப்பெட்டிகளுக்கு நடுவே எதை வைப்பது என்று கூசி, குழந்தையைக் காண வராமலே நின்றுவிடுகின்றனர்.

இதற்கு மாற்றாக நாம் முன்வைப்பது எளிய ஒன்று: நம் கையால் பின்னிய கையில்லாச் சட்டை.

பச்சிளங்குழந்தைக்குத் தலை நிற்பதில்லை. மடங்கிய கைகளைக் குறுகிய சட்டைக்கையினுள் நுழைப்பது தாய்க்கும் சேய்க்கும் துன்பமே. கையில்லாச் சட்டை மார்பையும் முதுகையும் கதகதப்பாக வைத்து, கைகளைத் தாராளமாக ஆடவிடுகிறது. குழந்தை வளர வளர முதலில் குட்டையாவது சட்டைக்கை என்பதால், அது இல்லாத உடுப்பு மேலும் சில மாதங்கள் உழைக்கும்.

பின்னுவதும் கடினமன்று. 4 மில்லிமீட்டர் பருமனுள்ள இரண்டு ஊசிகளும் நடுத்தரப் பருமனுள்ள 100 கிராம் நூலும் போதும். ஏறத்தாழ 48 கண்ணிகளை ஊசியில் ஏற்றி, எல்லா வரிசைகளையும் ஒரே வகைப் பின்னலாகப் பின்னினால் சுமார் 23 செ.மீ. அகலத்தில் துண்டு வளரும். நீளம் 26 செ.மீ. ஆனதும் கண்ணிகளை மூடிவிடலாம். இத்தகைய இரு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒரு தோளை 5 செ.மீ. தைத்து, தலை எளிதில் நுழைய மறுதோளில் அழுத்துப் பொத்தான்களை இறுகத் தைக்க வேண்டும். பக்கங்களில் கைகளுக்காக 10 செ.மீ. விட்டு எஞ்சியதைத் தைத்தால் சட்டை ஆயத்தம். துவைக்கும்தோறும் பொத்தான்களை இழுத்துப் பார்ப்பது அவசியம். கழன்ற பொத்தான் குழந்தையின் வாய்க்குள் போய்விடும்.

உதகையின் உறைபனிக்குக் கம்பளி நூல் பொருந்தும். அதனை வெந்நீரில் துவைத்தால் சுருங்கிவிடும். ஆம்பூர், வாணியம்பாடி போன்ற ஊர்களின் மார்கழி விடியலுக்குப் பருத்தி நூலே ஏற்றது. பிடரி வியர்த்திருந்தால் உடனே கழற்றிவிட வேண்டும்.

பின்னல் என்பது வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். உண்மையில், இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய பின்னல் துணிகளுள் குறிப்பிடத்தக்கவை முஸ்லிம்கள் ஆண்ட எகிப்தில் கிடைத்த பருத்திக் காலுறைகளே. 13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுக் கிறிஸ்தவ இளவரசர் ஒருவரின் கல்லறையில் வைக்கப்பட்ட தலையணை உறையிலும் அரபு எழுத்துக்கள் பின்னப்பட்டுள்ளன. பிற்காலத்து ஐரோப்பிய நகரங்களில் பின்னல் தொழிற்சங்கங்களில் இருந்தோர் பெரும்பாலும் ஆண்களே. ஆகவே, இக்கலையை நம் பெண்மக்களுக்கு மட்டுமன்றி ஆண்மக்களுக்கும் கற்பிப்பதில் கூச்சப்பட ஏதுமில்லை.

"கடையில் மலிவாகக் கிடைக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நல்ல நூலின் விலை சில வேளைகளில் கடைச் சட்டையின் விலையை மிஞ்சுவதும் உண்டு. ஆயினும், பணத்தை மிச்சப்படுத்துவது நம் நோக்கமன்று. வசதியுள்ள பெரியம்மாவும் வாடகை வீட்டில் வாழும் சாச்சியும் ஒரே மாதிரியான சிறு சட்டையைப் பின்னிக் கொண்டுவரும்போது, எவருடைய அன்பளிப்புக்கும் விலைச்சீட்டு இராது. அந்தச் சபையில் கூசி நிற்பவர் எவரும் இரார்.

வசதியுள்ளோரே இதனைத் தொடங்கிவைக்க வேண்டும். அவர்கள் பட்டுப் பெட்டியைத் தவிர்த்தால்தான் மற்றோர் துணிவர். வீட்டில் ஒருத்தி கருவுற்ற செய்தி வந்ததும் ஊசியைக் கையில் எடுத்தால், அவகாசம் தாராளமாக இருக்கிறது. அந்நாட்களில் இன்னொரு சட்டையையும் பின்னி, ஊரில் வசதியற்ற வீட்டில் பிறக்கும் குழந்தைக்குக் கொடுப்போம். அதனையும் அதே நூலில், அதே கவனத்தோடு பின்னுவோம்.