களப்பயணமும் நம் பிள்ளைகளும்: மறுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

நிலவியல், தாவரவியல், கடல் உயிரியல், தொல்லியல், சமூகப்பணி போன்ற துறைகளில் சேரும் மாணவ மாணவியர் என்றேனும் ஒருநாள் வகுப்பறையை விட்டு வெளியே செல்ல வேண்டியவர்களே. அரியலூர்ப் பகுதியில் புதைபடிவங்களைத் தேடுவதும், மன்னார் வளைகுடாக் கரையில் கடல்நீர் உள்வாங்கும் நேரம் பார்த்து உயிரினங்களைக் கணக்கெடுப்பதும், அகழாய்வுக் குழியில் அமர்ந்து பானையோடுகளைத் துலக்குவதும் அந்தப் படிப்பின் உறுப்புகள். அவற்றை உல்லாசச் சுற்றுலாவோடு சேர்த்து எண்ணுதல் தவறு.

ஆயினும் களப்பயணச் சுற்றறிக்கை வீட்டுக்கு வந்தவுடன் நம் குடும்பங்கள் பலவற்றில் நிகழ்வது யாது? மகனுக்குப் பயணப்பை எடுத்துத் தரப்படுகிறது. மகளுக்கு “வேண்டாம்” என்ற ஒற்றைச் சொல் தரப்படுகிறது. அவள் களத்துக்குப் பதிலாக நூலகத்தில் அமர்ந்து ஏதோ ஒரு கட்டுரை எழுதி மதிப்பெண்ணை ஈடுகட்டுகிறாள். “இந்தப் பெண்ணை வெளியே அனுப்ப மாட்டார்கள்” என்று வழிகாட்டும் பேராசிரியர் முடிவு செய்துவிடுகிறார். அடுத்த ஆய்வு வாய்ப்பு வேறொருவருக்குச் செல்கிறது. இதை முன்கூட்டியே அறிந்து, விரும்பிய துறையையே தொடாமல் விட்டுவிடும் பெண்பிள்ளைகளும் உண்டு.

பெற்றோரின் அச்சம் பொய்யானது என்று நாம் கூறமாட்டோம். அது உண்மையான அச்சம். ஆனால் அந்த அச்சம் மகளை நோக்கித் தடையாகத் திரும்புவதைக் காட்டிலும், அழைத்துச் செல்லும் நிறுவனத்தை நோக்கிக் கேள்வியாகத் திரும்புவதே நீதி என்பது நம் கருத்து. ஏற்பாடு செய்யத் தவறியவர் ஒருவர், அதன் விலையைக் கொடுப்பவள் மற்றொருத்தி என்ற நிலை அநீதியன்றோ!

முதலில், ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். காடு, கடல், பாம்பு, வெளியூர் மனிதர் ஆகியவற்றையே நாம் எண்ணி அஞ்சுகிறோம். 2014ஆம் ஆண்டு ‘பிளோஸ் ஒன்’ ஆய்விதழில் வெளியான ஆய்வொன்று, களப்பணி செய்த 666 பேரின் அனுபவத்தைப் பதிவு செய்தது. அவர்களில் 64 விழுக்காட்டினர் களத்தில் தகாத பாலியல் பேச்சுகளுக்கு உள்ளானதாகவும், 20 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் உடல்ரீதியான அத்துமீறலுக்கு உள்ளானதாகவும் தெரிவித்தனர். தாமாக முன்வந்து பதிலளித்தோரின் கணக்கு என்பதால் அதை எல்லோருக்கும் அப்படியே பொருத்திவிட இயலாது. எனினும் அதன் ஒரு செய்தி நம் கவனத்துக்கு உரியது: பாதிக்கப்பட்ட பெண்களில் பெரும்பாலோர் பயிற்சி நிலையில் இருந்த மாணவியர், அவர்களுக்குத் தீங்கிழைத்தோர் பெரும்பாலும் அதே குழுவில் அவர்களுக்கு மேல்நிலையில் இருந்தவர்கள்.

இத்தகைய குரல்கள் எழுந்த பின்னரே விதிகள் மாறின. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை, 2023 ஜனவரி 30 முதல் தன்னிடம் நிதி கோரும் நிறுவனங்களுக்கு ஒரு நிபந்தனை விதித்தது. வளாகத்துக்கு வெளியே ஆய்வு நடக்குமானால், அனைவருக்கும் பாதுகாப்பான, எவரையும் ஒதுக்காத சூழலுக்கான திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும். புறப்படுவதற்கு முன்பே அது குழுவினர் ஒவ்வொருவரின் கைக்கும் சென்றுசேர வேண்டும் என்பதே அது.

நம் நாட்டிலும் சட்டம் மௌனமாக இல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், பணி நிமித்தம் செல்லும் இடங்களையும், அதற்கென நிறுவனம் ஏற்பாடு செய்யும் வாகனத்தையும் பணியிடமாகவே கொள்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் களப்பயணம், கல்விச் சுற்றுலா, முகாம் நடைபெறும் இடங்களையும் ‘வளாகம்’ என்ற சொல்லுக்குள் அடக்குகின்றன. ஆகவே, “வெளியில் நடந்ததற்குக் கல்லூரி பொறுப்பல்ல” என்று எவரேனும் கூறினால் அது செல்லாது. உள்ளகப் புகார்க் குழுவிடம் மூன்று மாதங்களுக்குள் புகார் அளிக்கலாம். தக்க காரணம் இருப்பின் அக்காலம் நீட்டிக்கப்படும். இதை நம் பிள்ளைகள் பயணத்துக்கு முன்பே அறிந்திருக்க வேண்டும்.

பயணத்தைத் திட்டமிடுதல் நம் மார்க்கத்துக்கும் புதியதன்று. மூவர் பயணம் புறப்பட்டாலே ஒருவரைத் தலைவராக்கிக் கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். படை செல்லும்போது தாம் பின்னால் வந்து, இயலாதவர்களை அரவணைத்து ஏற்றிச் செல்வது அவர்களின் வழக்கம்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றை இங்கே நினைவுகூர்வோம். ஒரு பயணத்தின்போது இயற்கைத் தேவைக்காகச் சென்ற அன்னையார், தொலைந்த கழுத்துமாலையைத் தேடித் தாமதித்தார்கள். அவர்கள் உள்ளே இருப்பதாகவே எண்ணிச் சிவிகையை ஒட்டகத்தின் மீது ஏற்றியவர்கள் புறப்பட்டுவிட்டனர். படைக்குப் பின்னால் வந்த ஸஃப்வான் (ரலி) அவர்கள் தம் ஒட்டகத்தில் அன்னையாரை ஏற்றி, தாம் நடந்தே கூட்டி வந்தார்கள். அதன்பின் ஊரில் பரவிய அவதூறையும், அன்னையாரின் தூய்மையை அல்லாஹ்வே அந்நூர் அத்தியாயத்தில் அறிவித்ததையும் நாம் அறிவோம். பழி சுமத்தியோரையும், கேட்டதைச் சிந்திக்காமல் பரப்பியோரையுமே இறைவேதம் கண்டித்தது. களப்பயணம் சென்று வந்த பெண்ணைப் பற்றித் தெருமுனையில் பேசும் நாவுகளுக்கு இதில் எச்சரிக்கை உண்டு. ஊர் வாயை அஞ்சி மகளின் படிப்பை முடக்கும் பெற்றோருக்கோ, அந்த வாய்களுக்கு நாம் கடன்பட்டவர்கள் அல்லர் என்ற ஆறுதல் உண்டு.

ஆகவே சுற்றறிக்கை வந்தவுடன் துறைத்தலைவரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை சில. எத்தனை மாணவியர் செல்கின்றனர், உடன் வரும் பேராசிரியைகள் எத்தனை பேர்? இரவு எங்கே தங்குகின்றனர், அறைக்கு உட்புறத் தாழ்ப்பாள் உண்டா? வாகனம் புறப்படும் ஒவ்வொரு முறையும் தலையெண்ணிப் பார்ப்பவர் யார்? கைப்பேசிச் சமிக்ஞை இல்லாத இடமாயின் செய்தி சொல்ல என்ன வழி? பாம்புக்கடிக்கு மருந்து உள்ள அருகிலுள்ள மருத்துவமனை எது, அவசரத்துக்கு வாகனம் கூடவே நிற்குமா? படகில் செல்வதாயின் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு மேலங்கி உண்டா? பயணத் தலைவர் மீதே குறை இருந்தால் யாரிடம் முறையிடுவது?

இந்தக் கடைசிக் கேள்வி தலையாயது. எல்லாப் புகாரும் ஒரே மனிதர் வழியாகத்தான் செல்ல வேண்டும் என்றால் அங்கே புகாருக்கு வழியே இல்லை. குழுவோடு வராத ஒருவரின் தொலைபேசி எண் மாணவர் ஒவ்வொருவரிடமும் இருத்தல் வேண்டும்.

கழிப்பறையைப் பற்றிக் கேட்க நாணவேண்டாம். கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்பிள்ளைகள் நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகின்றனர். கடும் வெயிலில் அது மயக்கத்தையும் சிறுநீர்த் தொற்றையும் கொண்டுவரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பெட்ரோல் நிலையத்திலோ பள்ளிக்கூடத்திலோ நிறுத்துவது, மறைப்புக்கென ஒரு சிறு கூடாரம் எடுத்துச் செல்வது, முதலுதவிப் பெட்டியில் நாப்கின் வைப்பது ஆகியவை சிறிய செலவில் முடிபவை. எவரும் கேட்காததாலேயே பல இடங்களில் அவை செய்யப்படுவதில்லை.

தொழுகையும் அவ்வாறே. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர் குறித்த தொலைவுக்கு மேற்பட்ட பயணத்தில் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழலாம். ஹனஃபி மத்ஹபில் ஹஜ்ஜின்போதன்றி அதற்கு இடமில்லை. ஒரே பேருந்தில் இருவகையினரும் இருப்பர். ஆகவே, “நீங்கள்தாம் சேர்த்துத் தொழலாமே” என்று பிறர் முடிவு செய்ய விடாமல், நண்பகலிலும் மாலையிலும் கால்மணி நேர நிறுத்தத்தை முன்னதாகவே நிரலில் சேர்க்கச் சொல்லுதல் நலம். ஹலால் உணவு கிடைக்காத ஊரில் சைவ உணவு போதும் என்று சொல்லிவிட்டால் ஏற்பாட்டாளருக்கும் எளிது. ரமளானில் வெயிலில் மலையேறும் பணி வருமானால், தேதியை மாற்றும்படி பருவத் தொடக்கத்திலேயே கேட்கலாம். பயணத்துக்கு முதல்நாள் கேட்பது முறையன்று.

மஹ்ரம் துணையின்றிப் பெண் பயணம் செய்வதைப் பற்றிய வினா இங்கே எழும். நபிமொழிகளில் வந்துள்ள தடையை வெளிப்படையான பொருளிலேயே கொள்ளும் அறிஞர்கள் உளர். பாதுகாப்பே அதன் நோக்கம் எனக் கொண்டு, நம்பகமான குழுவும் அச்சமற்ற வழியும் இருக்கையில் அனுமதிப்போரும் உளர். தீர்ப்புச் சொல்வது நம் பணியன்று. அவரவர் நம்பும் ஆலிமிடம் கேட்டுக்கொள்க. ஆனால் அந்த ஆலிமும், “எத்தனை இரவு, யார் யார் உடன் செல்கின்றனர், தங்குமிடம் எது?” என்றுதான் முதலில் வினவுவார். விவரம் நம் கையில் இல்லையெனில் அவர் எதைக் கொண்டு விடை கூறுவார்?

மகன்களை மறந்துவிடலாகாது. முகாமில் மூத்த மாணவரின் பகடிவதையும் மதுவும் சேர்ந்து வரும் இரவுகள் உண்டு. குடிக்காதவன் அந்த வட்டத்தில் அமர முடிவதில்லை. மறுநாள் யார் எந்தப் பணியைச் செய்வது என்ற முடிவோ அந்த வட்டத்திலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. முகாமில் மது கூடாது என்பதும், பணிப் பங்கீடு பகலில் எல்லோர் முன்னிலையிலும் நடக்க வேண்டும் என்பதும் திட்டத்தில் இடம்பெற வேண்டியவை. மேலும், உடன் வரும் பெண்களிடம் கண்ணியத்தோடு நடக்கும் பாடத்தை மகனுக்கு வீட்டிலேயே கற்பித்து அனுப்புவது நம் கடமை.

நிறைவாக, எந்த நிறுவனமும் எழுதித் தர இயலாத ஒரு வரி உண்டு. களத்தில் துன்பம் நேர்ந்தால் நம் பிள்ளை முதலில் எண்ணுவது யாரை? “வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள்” என்று எண்ணினால் அவள் வாய் திறக்கமாட்டாள். தீங்கு செய்பவனும் அந்த மௌனத்தைக் கணக்கிட்டே செய்கிறான். எனவே பேருந்து ஏறும் முன் தந்தையோ தாயோ வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: “எந்த நேரமானாலும் அழை, நாங்கள் வருவோம். என்ன நடந்திருந்தாலும் உன் படிப்பு நிற்காது.” சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் வேண்டும்.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அவர்களைக் காப்பதும், அவர்களின் அறிவை வளரவிடுவதும் அந்த அமானிதத்தில் அடங்கும். இரண்டையும் ஒருசேர நிறைவேற்றும் தெளிவை வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக! ஆமீன்.