ஏட்டில் ஏறாத அறிவும் பல்லுயிர்க் காப்பும்

2030-ஆம் ஆண்டுக்குள் நிலப்பரப்பிலும் கடற்பரப்பிலும் 30 சதவீதத்தைப் பாதுகாப்பது என்று 2022 டிசம்பரில் மாண்ட்ரியல் நகரில் கூடிய உலக நாடுகள் உடன்பட்டன. இந்தியாவும் அதில் இணைந்தது. 2024-இல் கொலம்பியாவின் காலி நகரில் நடந்த மாநாட்டின்போது, 23 இலக்குகள் கொண்ட தேசியச் செயல்திட்டத்தையும் வெளியிட்டது. இந்த வாக்குறுதியை நாம் எதிர்க்கவில்லை. காடும் ஏரியும் மேய்ச்சல் நிலமும் அழியும்போது முதலில் வயிறு காய்பவர்கள் நிலமற்ற நம் மக்களே. ஆனால் வாக்குறுதியின் அளவைக் காட்டிலும் அதை நிறைவேற்றும் சட்டத்தின் வாசகமே நமக்கு முதன்மையானது. பல்லுயிரைக் காத்தவர் என்று அச்சட்டம் யாரை ஏற்கிறது?

1992-இல் ரியோவில் உருவான பல்லுயிர் உடன்படிக்கைக்கு இந்தியா 1994-இல் ஏற்பளித்தது. உள்ளூர்ச் சமூகங்களின் அறிவை மதிக்கவும், அதன் பயனை அவர்களோடு நேர்மையாகப் பகிரவும் அவ்வுடன்படிக்கையின் 8-ஆவது உறுப்பு வலியுறுத்துகிறது. அதன்வழி 2002-இல் பல்லுயிர்ச் சட்டம் பிறந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தேசியப் பல்லுயிர் ஆணையம் அமைந்தது.

பயன்பகிர்வு வெறும் கனவு அன்று என்பதற்கு அகத்தியமலைக் காணி மக்களே சான்று. களைப்பு நீங்க அவர்கள் உண்ட ஆரோக்கியப்பச்சை என்னும் செடியின் காயை 1987-இல் ஆய்வாளர்கள் அவர்களிடமிருந்து அறிந்துகொண்டனர். அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானது. உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, 1997-இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் பதிவானது. அந்த ஏற்பாட்டில் குறைகள் இருந்தன. எனினும், வாய்மொழியாக வந்த அறிவுக்கும் உரியவர் உண்டு என்பதை அது நாட்டுக்கு உணர்த்தியது.

2018 டிசம்பரில் உத்தரகாண்ட் உயர் நீதிமன்றம் இக்கொள்கையை மேலும் உறுதிசெய்தது. வெளிநாட்டு நிறுவனங்கள் மட்டுமன்றி, மூலிகையை வணிகமாக்கும் இந்திய நிறுவனங்களும் பயனைப் பகிர்ந்தாக வேண்டும் என்று அது தீர்ப்பளித்தது. ஆனால் 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் எதிர்த்திசையில் நடந்தது. மீறலுக்கு இருந்த ஐந்தாண்டு வரையிலான சிறைத்தண்டனை நீங்கி, பணத் தண்டம் மட்டும் எஞ்சியது. அதைவிட ஆழமான மாற்றம் வேறொன்று. 'நூலில் தொகுக்கப்பட்ட மரபறிவு' என்றொரு வகையைத் திருத்தம் உருவாக்கியது. 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுப்பொருட்கள் சட்டத்தின் முதல் அட்டவணை பட்டியலிடும் ஆயுர்வேத, சித்த, யுனானி நூல்களிலிருந்து பெறப்படும் அறிவே அது. அவ்வறிவை இந்தியர் பயன்படுத்தினால், அதற்காகப் பங்கு கோர எவருக்கும் உரிமையில்லை.

இங்குதான் சாதி நுழைகிறது. அந்த நூல்களுக்குள் அறிவு எங்கிருந்து வந்தது? காட்டில் வேர் அகழ்ந்தவர், வயலில் களையெடுத்தபோதே கீரையும் மருந்தும் பிரித்தறிந்த பெண், பேறுகாலம் பார்த்த மருத்துவச்சி ஆகியோரின் கையறிவு அதில் கலக்கவில்லை என்று யாரால் கூற முடியும்? எழுத்து மறுக்கப்பட்டவர் நூலாசிரியராக முடியாது. ஒரு மூலிகையின் குணம் நூலில் இருக்கிறது என்று நிறுவனம் சுட்டிக்காட்டினால் போதும். அதே குணத்தைத் தலைமுறைகளாகக் கைவழி காத்துவந்தவர் கணக்கிலிருந்து நீங்கிவிடுவார். முன்பு எழுத்தை மறுத்த சமூகம், இன்று எழுதாததைக் காரணம் காட்டிப் பங்கை மறுக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. மரபறிவைப் போற்றுகிறோம் என்ற பெயரில் சாதித் தொழிலைப் போற்றும் சொல்லாடலை நாம் ஏற்க இயலாது. அறிவுக்குரிய பங்கு வேண்டும்; அந்த அறிவோடு பிறப்பால் பிணைக்கப்பட்ட இழிவும் கட்டாயமும் வேண்டாம். மூலிகை பறிப்பவரின் மகள் தாவரவியல் பேராசிரியராகலாம், அல்லது அத்துறையையே விட்டு விலகலாம். இரு நிலையிலும் அவள் சமூகத்தின் பங்குரிமை குன்றாது இருக்க வேண்டும்.

இரண்டாவது தடை குழுக்களில் உள்ளது. ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைய வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிப்பது அதன் தலையாய பணி. 2004-ஆம் ஆண்டு மத்திய விதிகள் தலைவரைத் தவிர ஆறு உறுப்பினர் வரை அனுமதித்தன. அவர்களுள் மூன்றில் ஒரு பங்கு பெண்கள், 18 சதவீதத்துக்குக் குறையாமல் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் என்றன. ஆறு பேரில் 18 சதவீதம் என்பது ஒருவருக்குச் சற்றே மேல். இரு பெரும் சமூகத் தொகுதிகளுக்கும் சேர்த்து நடைமுறையில் ஓர் இருக்கை! 2023 திருத்தமோ உறுப்பினர் எண்ணிக்கையை ஏழு முதல் பதினொன்று வரை என நிர்ணயித்து, குழுவின் சேர்க்கையை மாநில அரசுகளின் விதிகளுக்கு விட்டுவிட்டது. பதிவேட்டில் எவர் அறிவு, எவர் பெயரால் ஏறும் என்பதை அந்த இருக்கைகளே தீர்மானிக்கும்.

மூன்றாவது தடை வன உரிமைச் சட்டத்தில் உள்ளது. 2006-ஆம் ஆண்டின் இச்சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பே காட்டை நம்பி வாழ்ந்ததைப் பட்டியல் பழங்குடியினர் காட்டினால் போதும். காட்டில் வாழும் தலித்துகளோ 'பிற மரபுவழி வனவாசிகள்' என்ற வகைக்குள் வருவர். அந்நாளுக்கு முந்தைய மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு வாழ்வை அவர்கள் மெய்ப்பிக்க வேண்டும். கணக்கு 1930-க்குச் செல்கிறது. அன்று நிலமும் பட்டாவும் மறுக்கப்பட்டவரிடம் எந்தத் தாள் இருக்கும்? முதியோர் வாக்குமூலத்தையும் சான்றாக விதிகள் ஏற்கின்றன. அலுவலக மேசைகளோ பெரும்பாலும் தாளையே கேட்கின்றன. உரிமைக் கோரிக்கை தள்ளுபடியானோரை வெளியேற்றுமாறு 2019 பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதும், அதே மாதம் 28 அன்று அதை நிறுத்திவைத்ததும் நினைவிருக்கும். 30 சதவீத இலக்கை நோக்கிப் பாதுகாப்பு எல்லைகள் விரியும்போது, மெய்ப்பிக்க இயலாதவர்களே முதலில் எல்லைக்கு வெளியே நிறுத்தப்படுவர்.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. நூலறிவுக்கு அளித்த விலக்கு, அதே அறிவை வாய்மொழியாகக் காத்துவரும் சமூகத்தின் பங்கைப் பறிக்காது எனச் சட்டம் தெளிவுபடுத்த வேண்டும். மேலாண்மைக் குழுக்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் தனித்தனியே, உள்ளூர் மக்கள்தொகைக்குக் குறையாத இடங்களை மாநில விதிகள் உறுதிசெய்ய வேண்டும். அவற்றில் பெண்களுக்கும் உரிய இடம் வேண்டும். வனவாசிகளான தலித்துகளுக்கு 75 ஆண்டு நிபந்தனை நீங்க வேண்டும்.

இவற்றுக்காகச் சட்டமன்றமும் நாடாளுமன்றமும் அசையும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நாட்டில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மேலாண்மைக் குழுக்கள் கணக்கில் உள்ளன. உங்கள் ஊராட்சியிலும் ஒன்று இருக்கக்கூடும். அதன் உறுப்பினர் யார், பதிவேடு எப்போது தயாரானது, சேரியில் எவரிடம் கேட்டு எழுதினார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாணவத் தோழர்கள் விண்ணப்பியுங்கள். பெறும் விடையை அடுத்த கிராம சபையில் உரக்க வாசியுங்கள். விடுபட்ட பெயர்களைச் சேர்க்கத் தீர்மானம் கோருங்கள்.